ஒரு விசிலை அழிக்க ஒன்பது ராத்திரி

முதல் தடவை அந்தச் சத்தம் வந்தபோது போனைத்தான் எடுத்துப் பார்த்தேன். பழைய சாம்சங் போன்களில் மெசேஜ் வந்தால் ஒரு விசில் அடிக்குமே, கிட்டத்தட்ட அதே மாதிரி. போனில் ஒன்றும் இல்லை. படத்தைப் பத்து விநாடி பின்னால் தள்ளி மறுபடி ஓடவிட்டேன். சத்தம் படத்துக்குள்ளிருந்துதான் வருகிறது.

படம் ‘டி.ஓ.ஏ.’, அதாவது ‘டெட் ஆன் அரைவல்’, வந்து சேரும்போதே பிணம். ருடால்ஃப் மாட்டே இயக்கி 1950-ல் அமெரிக்காவில் வெளியானது. ஃபிலிம் நுவார், அதாவது இருட்டும் குற்றமுமான பழைய ஹாலிவுட் படங்கள் என்று பேச்சு எடுத்தால் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் விடமாட்டார். ஆரம்பமே அப்படி. ஒரு மனிதன் போலீஸ் கட்டடத்தின் நீண்ட வராந்தாவில் நடந்துகொண்டே இருக்கிறான், கேமரா அவன் முதுகைத் தொடர்கிறது, எழுத்துகள் ஓடுகின்றன. உள்ளே போய், ஒரு கொலையைப் பற்றிப் புகார் சொல்ல வந்திருக்கிறேன் என்கிறான். கொலையானது யார் என்று கேட்கிறார்கள். நான்தான் என்கிறான். அதற்குப் பிறகு எழுந்து போக முடியுமா?

அவன் பெயர் ஃபிராங்க் பிகலோ. நடித்தவர் எட்மண்ட் ஓ’பிரையன். கலிஃபோர்னியாவில் பானிங் என்கிற சின்ன ஊரில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். கல்யாணம் எப்போது என்று காத்திருக்கும் பவுலாவை விட்டுவிட்டு, ஊர் சுற்ற சான் பிரான்சிஸ்கோ போகிறான். அங்கே ஒரு ஜாஸ் கிளப்பில் யாரோ அவன் கிளாஸை மாற்றி வைக்கிறார்கள். மறுநாள் டாக்டர் சொல்கிறார்: உடம்பில் விஷம் ஏறிவிட்டது, மருந்து கிடையாது. மிச்சமுள்ள நேரத்தில் தன்னைக் கொன்றவனைத் தேடி ஓடுகிறான்.

விசில் வருவது இதற்கெல்லாம் முன்னால், ஹோட்டல் காட்சியில். வியாபாரிகளும் பெண்களுமாக ஹோட்டலே திருவிழாக் கோலத்தில் இருக்கிறது. ஒரு பெண் கடந்து போகிறாள், பிகலோ திரும்பிப் பார்க்கிறான். உடனே ஒலியில் ‘உய்ங்... உய்ய்ங்ங்’. சின்னப் பிள்ளைகள் ஊதும் குழாய் விசில், உள்ளே ஒரு கம்பியை இழுத்தால் சுரம் வழுக்கிக்கொண்டு போகுமே, அது. ஒரு தடவையோடு விட்டாலும் பரவாயில்லை. இன்னொரு பெண், மறுபடி ‘உய்ங்’. சாகப்போகிற மனிதனின் கடைசி நல்ல சாயங்காலத்தில் கார்ட்டூன் சத்தம்.

இசை டிமிட்ரி டியோம்கின். விவரம் தெரியாத ஆள் என்று சொல்லவே முடியாது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கன்சர்வேட்டரியில் படித்தவர், மேடைப் பியானோ கலைஞர். 1946-ல் ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’, 1952-ல் ‘ஹை நூன்’. அந்த ‘ஹை நூன்’ மட்டுமே இரண்டு ஆஸ்கர் கொடுத்தது. படத்தில் ஒருவன் கையை ஆட்டினால் இசையும் கூடவே கையை ஆட்டுகிற பழக்கத்துக்கு ஹாலிவுட்டில் மிக்கி மவுசிங் என்று பெயர். அந்தக் காலத்துப் பின்னணி இசையில் அது சகஜம்தான். இருந்தாலும் விசில்? விசிலடிப்பது டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கிறவன் உரிமை. படம் தனக்குத்தானே அடித்துக்கொள்வதை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன்.

சரி, அழித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஆடியோபுக் எடிட்டிங் என் பிழைப்பு. மூச்சுச் சத்தம், நாற்காலி கிரீச்சிடுவது, வாசிப்பவரின் வயிறு உறுமுவது, பக்கத்து வீட்டு மிக்ஸி என்று தினமும் அழிக்கிறவனுக்கு ஒரு விசில் எம்மாத்திரம்? ஒரு மணி நேர வேலை என்று நினைத்தேன். ஒன்பது ராத்திரி ஆனது.

முதலில் காப்பி. இந்தப் படத்தின் பதிப்புரிமையை 28 வருடம் முடிந்தபோது யாரும் புதுப்பிக்கவில்லை. அதனால் அமெரிக்காவில் பொதுச்சொத்தாகிவிட்டது, காப்பிகளுக்குப் பஞ்சமே இல்லை. தரத்துக்குத்தான் பஞ்சம். இரண்டு காப்பிகளை இறக்கினேன். ஒன்றில் படம் கண்ணாடி மாதிரி இருந்தது. இன்னொன்றில் கீறல் மழை பெய்தது. நல்ல படம் உள்ளதையே எடுத்துக்கொள்வோம் என்று ஆடியோவைப் பிரித்து, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் பார்த்தேன். அடியில் மெல்லிய ஹம் ஒன்று ஓடியது, மின்சாரத்திலிருந்து வந்து ஒட்டிக்கொள்ளும் முனகல். நம் ஊரில் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. அங்கே பதிவான ஒலி என்றால் கோடு 60-ல் நிற்க வேண்டும். இதில் 62.5-ல் நின்றது.

அரை மணி நேரம் விழித்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. சினிமா விநாடிக்கு 24 ஃபிரேம், ஐரோப்பிய டிவி 25. அங்கே படத்தைப் போடும்போது ஃபிரேமைச் சேர்க்காமல் மொத்தப் படத்தையும் கொஞ்சம் வேகமாக ஓட்டிவிடுவார்கள். அறுபதை 24-ஆல் வகுத்து 25-ஆல் பெருக்கிப் பாருங்கள், சரியாக 62.5. அதாவது இந்தக் காப்பி ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது. 83 நிமிடப் படம் 80-க்குள் முடிகிறது, எல்லார் குரலும் அரைச்சுரத்தில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு மேலே ஏறி நிற்கிறது. வேகத்தைக் குறைத்தால் அது சரியாகிவிடும். ஆனால் எனக்கு முன்னாலேயே யாரோ இரைச்சலைத் துடைக்கிறேன் என்று துடைத்து, வசனமெல்லாம் தண்ணீருக்குள் பேசுகிற மாதிரி ஆக்கி வைத்திருந்தார்கள். அதைச் சரிசெய்ய வழியில்லை. மழை பெய்யும் காப்பியையே எடுத்தேன். அதில் கோடு ஒழுங்காக அறுபதில் இருந்தது.

ஃபைல் ஸ்டீரியோ என்று காட்டியது. இந்தப் படத்துக்கு ஏது ஸ்டீரியோ? ஒரு பக்கத்தைத் தலைகீழாகத் திருப்பி இன்னொரு பக்கத்தோடு கூட்டினேன். இரண்டும் ஒன்றுதான் என்றால் ஒன்றையொன்று தின்று மௌனமாகிவிடும். கம்ப்ரஷனின் லேசான சலசலப்பு தவிர எதுவும் மிஞ்சவில்லை. ஒரு பக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு 48 கிலோஹெர்ட்ஸ் மோனோவாக வைத்துக்கொண்டேன்.

இங்கேதான் ஒரு மணி நேரக் கணக்கு பொய்யானது. ஸ்டுடியோவில் டயலாக், இசை, எஃபெக்ட்ஸ் மூன்றும் தனித்தனியாகத்தான் இருந்திருக்கும். தியேட்டருக்குப் போகும் பிரிண்டில் மூன்றையும் கலந்து, ஃபிலிம் ஓரத்தில் ஒரே ஒளிக்கோடாகப் பதித்துவிடுவார்கள். நம் கைக்கு வருவது அந்தக் கலவைதான். மியூட் பட்டனைத் தட்டினால் விசிலோடு ஹோட்டல் இரைச்சல், வசனத்தின் வால் எல்லாம் சேர்ந்து போகும். மாவில் கரைந்த உப்பை எடுக்கிற வேலை.

ஈக்யூவில் ஆரம்பித்தேன், வேண்டிய அதிர்வெண்ணை மட்டும் ஏற்றி இறக்கும் கருவி. ஒரே சுரத்தில் நிற்கிற சத்தம் என்றால் அந்த இடத்தை மட்டும் குழி தோண்டலாம். இது நிற்காத சத்தம். கீழேயிருந்து வழுக்கி மேலே போகிறது, நின்று, மறுபடி ஏறி இறங்குகிறது. வழியெல்லாம் குழி தோண்டினால் மனிதக் குரலின் நடுப்பகுதியே காணாமல் போகிறது. பத்து நிமிடத்தில் விட்டுவிட்டேன்.

அடுத்து டெமக்ஸ். பாட்டைக் கொடுத்தால் குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்று நாலாகப் பிரித்துக் கொடுக்கும் இலவச மென்பொருள். கரோக்கி செய்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். விசில் ‘மற்றவை’க்குள் போய் விழும், வசனம் ‘குரலு’க்குள் வரும், முடிந்தது கதை என்று நம்பினேன். வழுக்கிக்கொண்டு போகும் விசிலை அது பாதி குரல் என்று நினைத்துவிட்டது. விசிலின் முன்பாதி குரல் டிராக்கில், பின்பாதி இன்னொன்றில். ஹோட்டல் கும்பலின் பேச்சு இரண்டுக்கும் நடுவில் கிழிந்து தொங்கியது. பாட்டுக்காகப் பழக்கிய கருவியிடம் 1950-ன் ஹோட்டல் லாபியைக் கொடுத்தது என் தப்பு.

கடைசியில், முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலைக்கு வந்தேன். ஐசோடோப் ஆர்எக்ஸ் என்கிற ஒலி பழுதுபார்க்கும் மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராமைத் திறந்தேன். தெரியாதவர்களுக்கு: இடமிருந்து வலம் நேரம், கீழிருந்து மேல் சுரம், சத்தம் கூடினால் வெளிச்சம் கூடும். பேச்சு அடுக்கடுக்கான கோடுகளாக, சீப்புப் பல் மாதிரி தெரியும். இரைச்சல் மணல் தூவியது மாதிரி. நடுவில் நம் விசில், பென்சிலால் போட்டது போல ஒற்றைக் கோடு. முதல் ‘உய்ங்’ மேலே ஏறும் சரிவு, இரண்டாவது ஏறி இறங்கும் சின்ன மலை. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

லாசோ கருவியால் கோட்டைச் சுற்றி வளைத்து அழித்தேன். ஓடவிட்டேன். விசில் போயிருந்தது, அதன் பேய் மட்டும் இருந்தது. மெலிசாக, கொசு ஊதுகிற மாதிரி, மேல் ஸ்தாயி பஞ்சமத்தில் ‘உய்ங்’. ஹெட்போனைக் கழற்றி, மாட்டி, மறுபடி கேட்டேன். அதே கொசு. காரணம் குழாயில் இருக்கிறது. ஒரு முனை அடைத்த குழாய் அடிச்சுரத்தோடு அதன் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு என்று ஒற்றைப்படை மடங்குகளைத்தான் எழுப்பும். மூன்று மடங்கு என்பது மேல் ஸ்தாயியின் பஞ்சமம். ஸ்பெக்ட்ரோகிராமில் மேலே தள்ளிப் பார்த்தால், மணலுக்குள் அரைகுறையாக இன்னொரு மலை, கீழே இருந்ததன் நிழல் மாதிரி. ஐந்தாம் மடங்கை அந்தக் காலத்துப் பிரிண்டே விழுங்கிவிட்டிருந்தது, பழசு செய்த ஒரே உதவி.

இரண்டு மலையையும் அழித்தேன். இப்போது வேறு தொல்லை. விசில் இருந்த இடம் ஓட்டையாகிவிட்டது. மணலில் விரலால் கோடு கிழித்தால் அடித் தரை தெரியுமே, அப்படி. காதுக்கு அது ஒரு விநாடி யாரோ வாயைப் பொத்தியது மாதிரி கேட்டது. சத்தத்தை எடுத்தால் போதாது, அந்த இடத்தில் அந்த அறையின் வெறுமையைக் கொண்டுவந்து நிரப்ப வேண்டும். ஆடியோபுக் வேலையில் இதற்குத்தான் ஒவ்வொரு வாசிப்பாளரிடமும் முப்பது விநாடி சும்மா உட்காரச் சொல்லி ரூம் டோன் எடுத்து வைப்போம். எழுபது வருடத்துக்கு முந்தைய லாபிக்கு யாரைப் போய்ச் சும்மா உட்காரச் சொல்வது?

அதே காட்சியில் யாரும் பேசாத இடங்களைத் தேடினேன். கிடைத்தவை எல்லாம் முக்கால் விநாடி, அரை விநாடித் துண்டுகள். ஒன்றில் காலடி, ஒன்றில் யாரோ சிரிப்பது. மூன்று துண்டுகளை ஒட்டி ஒன்றரை விநாடி லாபி தயாரித்தேன். முழு அகலத்துக்கும் போடாமல், விசில் போன தடத்தில் மட்டும் அதை ஊற்றி ஓரங்களை ஃபேட் செய்தேன். எஃப்எஃப்டி அளவை, அதாவது ஒரு தடவைக்கு எவ்வளவு நீளமான ஒலித்துண்டை அலசுவது என்கிற எண்ணை, 4096-ல் வைத்திருந்தவரை சரிவு பட்டையாகப் பரவிக்கொண்டே இருந்தது. 1024-க்கு இறக்கியதும் கோடு கூர்மையாகி, லாசோ பிடிக்க எளிதானது. நின்று ஒலிக்கும் சுரத்துக்குப் பெரிய அளவு, ஓடுகிற சுரத்துக்குச் சின்ன அளவு. இதை எங்காவது எழுதி ஒட்டி வைத்திருந்தால் இரண்டு ராத்திரி மிச்சமாகியிருக்கும்.

பழைய பட ஒலியில் கை வைக்கிறவர்களுக்கு இன்னொன்று: பின்னால் ‘ஸ்ஸ்’ என்று ஓடும் ஹிஸ்ஸைத் தொடாதீர்கள். எனக்கும் கை அரித்தது. துடைத்துப் பார்த்தால் ஒட்டு வேலை எல்லாம் பல்லிளித்தது. அந்த இரைச்சல்தான் எல்லாத் துண்டுகளையும் சேர்த்துப் போர்த்திய போர்வை.

எட்டாவது ராத்திரி எல்லா விசிலும் போயிருந்தது. எனக்கே எங்கே இருந்தன என்று தேட வேண்டியிருந்தது. தங்கச்சியைக் கூப்பிட்டு ஹோட்டல் காட்சியை மட்டும் போட்டுக் காட்டினேன். படத்தைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஏதாவது சத்தம் வித்தியாசமாகக் கேட்கிறதா என்று கேட்கத்தான் கூப்பிட்டேன். ஒட்டுகள் எதையும் அவள் கவனிக்கவில்லை. ஆனால் இரண்டாவது பெண் கடந்து போனதும் கேட்டாள்:

“இவன்தான் கொலைகாரனாண்ணே?”

“ஏன்டி?”

“எப்படிப் பாக்குறான் பாரு.”

திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. விசில் இருந்தவரை அது விடுமுறைக்கு வந்தவனின் அசட்டுப் பார்வை. இல்லாதபோது, முன்பின் தெரியாத ஊரில் ஒரு தனி ஆள், பெண்களைத் தலை முதல் கால் வரை அளக்கிறான், பேச்சில்லை, இசையின் சாட்சியும் இல்லை. ஓ’பிரையன் முகத்தில் சிரிப்பு இருக்கிறது, அது இளிப்பாகிவிட்டது. ‘ஆள் அப்பாவி, சும்மா பார்க்கிறான், நீங்களும் சிரியுங்கள்’ என்று அந்த அசிங்கமான விசில் நமக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இவனுக்காக நாம் பதற வேண்டும். அதற்கு இவனை இங்கேயே மன்னித்திருக்க வேண்டும். டியோம்கின் அதற்குத்தான் விசில் அடித்திருப்பார் என்று சத்தியம் செய்யமாட்டேன், ஆனால் பிடுங்கிய பிறகு சுவரில் விரிசல் தெரிந்தது. அதற்காக விசில் நல்ல விசில் ஆகிவிடாது. ஆணி கோணலாகத்தான் அடித்திருந்தது, அதில் ஏதோ தொங்கிக்கொண்டும் இருந்தது, அவ்வளவுதான்.

ஒன்பதாவது ராத்திரி சமரசம் பேசிப் பார்த்தேன். முதல் விசிலை மட்டும் வைத்து 12 டெசிபல் குறைத்தேன்: தூரத்தில் யாரோ நிஜமாகவே விசில் அடிப்பது மாதிரி கேட்டது, இன்னும் மோசம். விசிலுக்குப் பதில் லிஃப்ட் மணி வைத்தேன்: பிகலோ லிஃப்டுக்குக் காத்திருக்கிறான் போல என்று தோன்றியது. இரண்டையும் தூக்கிவிட்டேன்.

கை சும்மா இல்லாமல், அடுத்து கிளப் காட்சிக்குப் போனேன். ‘தி ஃபிஷர்மேன்’ என்கிற அந்த ஜாஸ் கிளப்பில்தான் விஷம். மேடையில் சாக்ஸபோன், டிரம்பெட், பியானோ, பேஸ், டிரம்ஸ். ஐந்தே பேர், வியர்வை வழிய வாசிக்கிறார்கள். கேமரா முகத்துக்குள்ளேயே போய் உட்காருகிறது. ஒளிப்பதிவு எர்னஸ்ட் லாஸ்லோ. இங்கே எனக்கு சிங்க், அதாவது படமும் ஒலியும் பொருந்துவது, உதைக்கிற மாதிரி இருந்தது. டிரம்மர் கை ஒன்று, காதில் விழும் அடி இன்னொன்று. இரண்டு ஃபிரேம் முன்னால் தள்ளினால் ஒரு ஷாட்டில் பொருந்தும், அடுத்த ஷாட்டில் விலகும். ஒரு மணி நேரம் தள்ளிக்கொண்டே இருந்தேன். அப்புறம்தான் படித்தேன்: திரையில் வாசிக்கிறவர்களின் சத்தமே அது இல்லை. அவர்களைப் படம் பிடித்த பிறகு, மேக்ஸ்வெல் டேவிஸ் தலைமையில் ஒரு பெரிய பேண்டை வைத்து இசையைத் தனியாகப் பதிவு செய்திருக்கிறார்கள். ஐந்து பேர் வாய் வைக்க, ஒரு படையே ஊதுகிறது.

கணக்குப்படி பார்த்தால் படத்தின் பெரிய பொருந்தாமை இதுதான். விசிலாவது ஹோட்டலோடு போகிறது. ஆனால் இந்தக் காட்சியின் இசை பொருந்தவில்லை என்று யாரும் புலம்பி நான் கேட்டதில்லை. அறைக்கு அடங்காத சத்தம், காது வலிக்கிற அளவு, யார் பேசுவதும் சரியாக விழாத கூச்சல். அந்தக் கூச்சலில்தான் காலரைத் தூக்கிவிட்ட ஒரு ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு கிளாஸை மாற்றுகிறான், நமக்கே தவறிப்போகும் போல. நிஜமான ஐந்து பேர் சத்தத்தைப் போட்டிருந்தால் அறை இவ்வளவு நெரிந்திருக்காது. அதில் நான் கை வைக்கவில்லை. தள்ளிய இரண்டு ஃபிரேமையும் பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்தேன்.

வீடியோவைத் தொடாமல் இரண்டு ஆடியோ டிராக்கோடு ஒரே ஃபைலாகக் கட்டினேன். ஒன்று பழையது, இரண்டு விசில் இல்லாதது. வீட்டில் பார்க்கத்தான். ஞாயிற்றுக்கிழமை மாமா வந்திருந்தார், பெரிய டிவியில் போட்டுக் கொடுத்தேன். எது டிஃபால்ட் என்று குறிக்க மறந்துவிட்டேன் போல, டிவி ஒன்றாவதையே எடுத்துக்கொண்டது. நான் அடுப்படியில் இருந்தேன். கூடத்திலிருந்து ‘உய்ங்’ கேட்டது. ரிமோட்டைத் தேடிக்கொண்டு ஓடிவந்தால் மாமா வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருக்கிறார். அடுத்த விசிலுக்கு அவரும் நாக்கை மடித்து ஒன்று அடித்தார். மாற்ற மனசு வரவில்லை, பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டர் விளக்கை அணைத்து, சோதனைக் குழாயில் விஷம் இருட்டில் மினுங்குகிறதைக் காட்டும் இடம் வந்தது. மாமா காபியைக் கீழே வைத்தார்.

“டேய், இப்பத்தானே பல்லைக் காட்டிக்கிட்டுத் திரிஞ்சான்.”

அப்புறம் பிகலோ வெளியே வந்து சான் பிரான்சிஸ்கோவின் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஓடுகிறான். அனுமதி வாங்காமல் எடுத்த காட்சி, நடைபாதையில் இடிபட்டுத் திரும்பிப் பார்க்கிறவர்கள் நடிகர்கள் இல்லை என்று மாமாவிடம் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்திச் சும்மா இருக்கச் சொன்னார். காபி ஆறி ஆடை படிந்திருந்தது.

டிஃபால்ட் டிராக்கை மாற்ற ஒரு வரிக் கட்டளை போதும். இன்னும் தட்டவில்லை.